தெமோதரைக்கு வந்த புகையிரதம்

ஊரை நாடிப் புகையிரதம் வருவது உலகெங்கும் உள்ள வழக்கம். புகையிரதம் வந்ததனாலேயே ஓர் ஊரின் பெயர் உலகுக்குத் தெரிய வருவது அரிதாக நிகழ்வது. ஊவா மாகாணத்தில், எல்லவுக்கும் பதுளைக்கும் இடையே, தேயிலை மலைகளின் மடியில் கிடக்கும் தெமோதரை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பெரிய கடைவீதி இல்லை. கோட்டை கொத்தளம் இல்லை. அரசர் எவரும் அங்கே முடிசூடியதாகச் சரித்திரம் கூறவில்லை. எனினும் இருப்புப் பாதை அமைக்கும் கலையைப் பற்றிப் பேசுவோர் அச்சிற்றூரின் பெயரை மறவாது குறிப்பிடுகின்றனர். அதற்குக் காரணம், அங்கே புகையிரதம் தான் சற்று முன்னர் நின்ற நிலையத்தின் அடியிலேயே நுழைந்து செல்கிறது என்பதே.

கொழும்பிலிருந்து வரும் வண்டி தெமோதரை நிலையத்தில் நிற்கிறது. பிரயாணிகள் இறங்குகின்றனர், ஏறுகின்றனர். பின்னர் வண்டி புறப்பட்டு, ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்லத் தாழ்கிறது. சிறிது நேரத்தில் இருள் சூழ்கிறது. அதுவே 42ஆம் இலக்கச் சுரங்கம். அச்சுரங்கத்தின் மேலே இருப்பது வேறொன்றுமன்று; சற்று முன்னர் வண்டி நின்ற அதே நிலையந்தான். பாம்பு தன் உடலின் கீழே தானே நுழைந்து செல்வது போன்ற இக்காட்சியை முதன்முறை காணும் குழந்தைகள் மட்டுமன்றிப் பெரியவர்களும் வியப்படைவது இயல்பே. இந்த வளையம் ஏன் வந்தது, எவ்வாறு வந்தது, யாருக்காக வந்தது என்பனவற்றை அறிய வேண்டுமாயின், ஊவாவின் பழைய கதையைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

இலங்கையில் முதன்முதலாகப் புகையிரதம் ஓடியது 1864ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, 30 மைலைச் சற்றே கடந்த தூரம் அது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. மக்களின் பிரயாண வசதிக்காகவே இப்பெருஞ் செலவு மேற்கொள்ளப்பட்டது என்று எண்ணுதல் தவறு. கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்கவும், தோட்டத் தொழிலாளரின் உணவுக்கு வேண்டிய அரிசியைத் துறைமுகத்திலிருந்து மலைக்கு ஏற்றவுமே பாதை வேண்டப்பட்டது. கீழே கோப்பி, மேலே அரிசி: இதுவே மலைநாட்டு இருப்புப் பாதையின் முதற் கணக்கு.

அக்காலத்தில் ஊவாவின் நிலை யாது? பதுளை, பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பகுதிகளில் கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்தன. ஆனால் கொழும்போ மிகத் தொலைவு. நடுவே மத்திய மலைகள் மதிலென நின்றன. கோப்பி மூடைகளைச் சுமந்த மாட்டு வண்டிகள் அப்புத்தளைக் கணவாய் வழியாகத் தெற்கே இறங்கி, ஹல்துமுல்லை, பலாங்கொடை கடந்து இரத்தினபுரியை அடைந்தன. அங்கிருந்து களுகங்கையில் படகுகள் அவற்றை மேற்குக் கரைக்குக் கொண்டு சென்றன. மழைக்காலத்தில் மண் சரிந்தது, பாதை உடைந்தது, மாடுகள் நோயுற்று வீழ்ந்தன, மூடைகள் நனைந்தன. தோட்டத்தில் நல்ல விளைவு கண்டும் துறைமுகம் சேருமுன் இலாபத்தின் பெரும்பகுதி வழியிலேயே கரைந்தது.

இந்நிலையில் மற்றொரு துன்பமும் வந்தது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலே கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் நிறப் பொடி போன்ற ஒரு படலம் காணப்பட்டது. அது ஒரு பூஞ்சண நோய் என்று விஞ்ஞானிகள் கண்டனர். பசறையின் அயலிலே தோன்றிய அந்தப் புள்ளி, இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலையே அழித்துவிட்டது. கோப்பி இருந்த இடத்திலே தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டிருந்தார். அந்த முயற்சியே பின்னர் நாட்டைக் காத்தது.

பயிர் மாறியபோது போக்குவரத்தின் தேவையும் மாறிற்று. கோப்பிக் கொட்டையை வெயில் கண்ட காலத்தில் உலர்த்தி, வண்டி கிடைத்த காலத்தில் அனுப்பலாம். அறுவடையும் ஆண்டில் ஒரு பருவத்துக்கு உரியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். பறித்த கொழுந்தை அன்றே ஆலைக்கு எடுத்து, வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்துதல் வேண்டும். ஆலைக்கு இயந்திரம் வேண்டும். தூளை அடைக்கப் பெட்டி வேண்டும். பெட்டிகளுக்கு ஈயத்தாள் வேண்டும். வாரந்தோறும் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் சரக்கு இருந்துகொண்டே இருந்தது. மாட்டு வண்டியை நம்பி இத்தொழிலை நடத்துதல் இயலாத காரியம்.

மலையின் மேற்குப் பக்கத்தில் இருப்புப் பாதை படிப்படியாக முன்னேறிக்கொண்டிருந்தது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், 1885இல் நானுஓயா என அது ஏறியது. நானுஓயாவில் பாதை நின்றபோது ஊவாத் துரைமார் பொறுமையிழந்தனர். கோப்பி வீழ்ந்து நாட்டின் வருமானமும் வீழ்ந்திருந்த காலம் அது. மலைகளைக் குடைந்து மறுபுறம் செல்வதற்குப் பெருந்தொகை செலவிடலாமா என்று அரசாங்கத்தார் தயங்கினர். சேர் ஆதர் கோடன் தேசாதிபதியாக இருந்த காலத்திலேதான், 1886இல், ஊவா ஒரு தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. தனி மாகாணத்துக்குத் தனிப் பாதை வேண்டும் என்ற குரலும் வலுத்தது. முடிவில் பாதை நானுஓயாவைக் கடந்தது. பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையே கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேற்பட்ட உச்சியைத் தாண்டி, 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது.

ஐந்தரை அடி அகலமுள்ள அகலப் பாதை இத்துணை உயரத்தில் ஏறுவது உலகத்திலேயே சிறப்பாகப் பேசப்படும் செய்தி. மலைகளுக்குச் சிறிய பாதையே ஏற்றது என்பது பல நாடுகளின் அனுபவம். இந்தியாவில் டார்ஜிலிங்குக்கும் நீலகிரிக்கும் செல்லும் பாதைகள் ஒடுங்கிய பாதைகளே. இலங்கையிலும் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலப் பாதை ஒன்று பின்னர் அமைந்தது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. பிரதான பாதையில் மட்டும் கொழும்பிலே ஏற்றிய பெட்டியை மாற்றி ஏற்றாமலே மலையின் மறுபுறம் கொண்டு செல்லலாம். அந்த வசதிக்குக் கொடுத்த விலை, நூற்றுக்கணக்கான வளைவுகளும் சுரங்கங்களும் பாலங்களுமாகும்.

பண்டாரவளையிலே மீண்டும் ஒரு தடை. 1894இல் அங்கே வந்து சேர்ந்த தண்டவாளம் பதுளையை அடைவதற்கு 1924ஆம் ஆண்டு வரை, சரியாக முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊவாவின் தலைநகர் பதுளை. பசறையும் மடுல்சீமையும் லுணுகலையும் அதன் பின்னிலமாக அமைந்தவை. இருந்தும் ஒரு தலைமுறைக் காலம் முழுவதும் அப்பகுதித் தேயிலை மலைப்பாதையிலே வண்டியேறிப் பண்டாரவளைக்கே சென்றது. பண்டாரவளை நிலையத்தில் பெட்டிகள் மலைபோற் குவிந்தன. அதற்கிடையே அருகிலுள்ள தியத்தலாவைக்கு அதே பாதையால் வேறொரு வகைப் பிரயாணிகளும் வந்திறங்கினர். தென்னாபிரிக்காவில் நடந்த போரில் சிறைப்பட்ட போவர் வீரர் ஏறத்தாழ 5,000 பேர் 1900ஆம் ஆண்டு முதல் அங்கே முகாமில் வைக்கப்பட்டனர். பதுளைக்கோ புகையிரதத்தின் கூவல் கேட்கவில்லை.

முப்பது ஆண்டுத் தாமதத்துக்குப் பணமும் ஒரு காரணம். முதல் உலகப் போரும் ஒரு காரணம். ஆனால் நிலத்தின் அமைப்பே பெருங் காரணம். எல்ல நிலையம் ஏறத்தாழ 3,400 அடி உயரத்தில் இருக்கிறது. பதுளை நிலையம் ஏறத்தாழ 2,140 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1,260 அடி. நேர்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே எட்டு மைல் அளவே இருக்கும். அந்த எட்டு மைலில் அத்தனை அடி இறங்குவதாயின், 34 அடிக்கு ஓர் அடி வீதம் சரிவு அமையும். மலைநாட்டுப் பாதையில் அனுமதிக்கப்பட்ட மிகக் கூடிய சரிவோ 44 அடிக்கு ஓர் அடி. அதனினும் செங்குத்தாயின் ஏறும் வண்டியை இயந்திரம் இழுக்க மாட்டாது. இறங்கும் வண்டியைத் தடைக்கட்டை நிறுத்த மாட்டாது.

ஆகவே பாதையை நீட்டுவது ஒன்றே வழி. எல்லவிலிருந்து பதுளைக்கு இன்று இருப்புப் பாதையின் நீளம் ஏறத்தாழ 13 மைல். எட்டு மைலைப் பதின்மூன்று மைலாக நீட்டியதனாலேயே சராசரிச் சரிவு 54 அடிக்கு ஓர் அடியாகக் குறைந்தது. மலை ஏறும் கிழவர் நேரே ஏறாது குறுக்கும் நெடுக்குமாக நடந்து மூச்சைச் சேமிப்பார் அல்லவா? பொறியியலாளர் செய்ததும் அதுவே. இயன்றவிடமெல்லாம் மலையின் பக்கவாட்டை அணைத்து அணைத்துப் பாதையைக் கொண்டு சென்றனர். தெமோதரையில் மட்டும் அது போதவில்லை. அங்கே இரண்டு மலைகளுக்கு இடையே குறுகிய இடத்தில் அதிக உயரம் இறங்க வேண்டியிருந்தது. பக்கவாட்டில் நீட்டுவதற்கு இடமில்லை. ஆதலால் பாதையைச் சுற்றி வளைத்து அதன் கீழேயே நுழைத்துவிட்டனர்.

இந்த யோசனை யாருடையது என்பதற்கு மலைநாட்டிலே ஒரு கதை உண்டு. துரை ஒருவர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வழி காணாது தவித்தாராம். தூரத்தில் நின்ற கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் தலையிலே சுற்றினாராம். சுற்றிய துணியின் முனை, முன்னே சுற்றிய சுற்றின் அடியிலே நுழைந்து வெளிவந்ததைத் துரை கண்டார். கண்டதும் அவர் மனத்திலே வழி பிறந்துவிட்டதாம். இலங்கையின் நீர்மின் சக்தித் திட்டத்துக்கு வித்திட்ட பேரறிஞர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்களே இவ்வளையத்தை வகுத்தவர் என்று கூறுவாரும் உளர்.

தலைப்பாகைக் கதையை அப்படியே சரித்திரம் என்று கொள்ளுதல் கடினம். ஏனெனில் வளையப் பாதை என்னும் உபாயம் அக்காலத்தில் உலகத்துக்குப் புதிதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே தெஹாச்சப்பி மலையில் 1876ஆம் ஆண்டிலேயே பாதை தன்னைத்தானே கடந்து சென்றது. சுவிற்சர்லாந்தில் புரூசியோ என்னும் ஊரில் 1908ஆம் ஆண்டு முதல் ஒரு கல் வளையம் புகழ்பெற்று விளங்கியது. இவற்றை இருப்புப் பாதைப் பொறியியலாளர் நூல்களில் படித்தேயிருப்பர். தெமோதரையின் தனிச்சிறப்பு வளையத்தில் மட்டும் இல்லை. சுரங்கத்தின் உச்சியிலே நிலையத்தையே நிறுத்தி வைத்ததிலே இருக்கிறது.

ஆயினும் அக்கதையைப் பொய்யென்று தள்ளிவிடுதலும் அறிவுடைமையாகாது. மக்கள் ஒரு கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர் என்றால் அதிலே அவர்களின் நெஞ்சம் இருக்கிறது. மலையைக் குடைந்தவர் யார்? கல்லை உடைத்தவர் யார்? சிலிப்பர்க் கட்டையைத் தோளில் சுமந்து, தண்டவாளத்தை அதன்மேற் கிடத்தி, ஆணி அறைந்தவர் யார்? இலங்கையின் தெருக்களையும் இருப்புப் பாதைகளையும் அமைத்த வேலையில் தென்னிந்தியத் தொழிலாளர் பெரும் பங்கு கொண்டனர். சிங்களக் கிராமத்தவரும் அவர்களுடன் உழைத்தனர். அவர்களின் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு ஒன்றும் அங்கே நாட்டப்படவில்லை. கதையிலே வரும் கங்காணிக்கும் பெயர் இல்லை. தலைப்பாகை மட்டுமே உண்டு. “கை மட்டுமன்று, கருத்தும் எங்களுடையதே” என்று அந்தப் பெயரற்ற கூட்டம் உலகுக்குச் சொல்லிய மொழியே தலைப்பாகைக் கதை எனக் கொள்ளலாம்.

கலிபோர்னியா வளையத்தின் வரலாறும் இதையொத்ததே. அம்மலையைக் குடைந்தவர்களிற் பெரும்பாலோர் கடல் கடந்து வந்த சீனத் தொழிலாளர். அவர்களின் பெயர்களும் மறைந்தன. பாதை மட்டும் நிலைத்தது. எங்கெங்கு மலையைப் பிளந்து பாதை சென்றதோ அங்கெல்லாம் இந்த நியதியே காணப்படுகிறது.

தெமோதரைக்குச் சற்று முன்னே, கொட்டுவலை என்னுமிடத்தில், பள்ளத்தாக்கைக் கடக்க அமைந்த ஒன்பது வளைவுப் பாலமும் இப்பாதையின் மற்றொரு புதுமை. நீளம் 300 அடி. உயரம் 80 அடி. அகலம் 25 அடி. இரும்புத் தூண்களோ இரும்பு உத்திரங்களோ அதிலே இல்லை. போர்க்காலத்தில் பாலத்துக்கு வரவேண்டிய இரும்பு போர்முனைக்குத் திருப்பப்பட்டதென்றும், அதனால் வேலை நின்றபோது அவ்வூர்ச் சிங்களவராகிய பி. கே. அப்புஹாமி என்பார் கல்லும் சீமெந்தும் கொண்டே கட்டித்தர முன்வந்தார் என்றும் அப்பகுதி மக்கள் சொல்லி வருகின்றனர். புகையிரதப் பகுதிப் பொறியியலாளரான ஹரல்ட் மார்வுட் என்பாரின் பெயரும் அதன் அமைப்போடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இலங்கைப் பொறியியற் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கையொன்று, இது கொங்கிறீற்றால் அமைந்த பாலம் என்பதை விளக்குகிறது. சிங்கள மக்கள் இதனை ஒன்பது ஆகாயங்களின் பாலம் என்று அழைக்கின்றனர். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஒவ்வொரு வளைவின் ஊடாகவும் ஒவ்வொரு துண்டு வானம் தோன்றும். அதனால் வந்த பெயர் அது. தமிழ்க் கங்காணியின் கதையும் சிங்களக் கைவினைஞரின் கதையும் ஒரே பாதையில் அருகருகே வாழ்வது கருதத்தக்கது.

1924இல் பாதை பதுளையை அடைந்தது. தெமோதரையின் வாழ்வும் மாறியது. மலையுச்சியிலே ஒரு சிறு நிலையம். அதற்கொரு நிலைய அதிபர், கைகாட்டி மரங்கள், சரக்கு அறை. ஒற்றைப் பாதையாதலால் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே செல்லலாம். அதற்கு அடையாளமாகப் பெரிய வளையத்தில் கோத்த டப்லட் ஒன்று சாரதியின் கையில் கொடுக்கப்பட்டது. அது கையில் இல்லாமல் சாரதி வண்டியை நகர்த்த மாட்டார். மழை பெய்து தண்டவாளம் வழுக்கும் நாட்களில் சக்கரத்தின் முன்னே மணல் தூவி ஏறினர். 1927 முதல் கரட் எனப்படும் இரட்டை இயந்திரங்கள் மலைநாட்டுக்கு வந்தன. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கின. நிலக்கரிப் புகை படிப்படியாக மறைந்தது. ஆனால் மலைநாட்டார் நாவிலே கோச்சி என்ற பெயர் மறையவில்லை.

தோட்டத்து மக்களுக்குக் கோச்சி என்பது வெறும் வாகனமாக இருக்கவில்லை. அது நேரத்தைச் சொல்லும் மணியாகவும் விளங்கிற்று. காலைக் கோச்சி கூவினால் பிரட்டுக்குச் செல்லும் நேரம் எது என்பது தெரிந்தது. மாலைக் கோச்சி கூவினால் கொழுந்து நிறுக்கும் வேளை நெருங்கிவிட்டது. மலையின் ஒரு பக்கம் கேட்ட கூவல், வளையம் சுற்றி மறுபக்கம் கேட்டபோது, லயத்துப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து பெட்டிகளை எண்ணினர்.

பசறைக்குப் புகையிரதம் வரவேயில்லை. தெமோதரைக்கும் பசறைக்கும் நடுவே நமுனுகுல மலை 6,600 அடிக்கு மேலாக உயர்ந்து நிற்கிறது. அதன் மேற்கு அடிவாரத்தில் தண்டவாளம் ஓடிற்று. கிழக்கு அடிவாரத்துப் பசறையோ பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள பதுளை நிலையத்தையே தன் வாசலாகக் கொண்டது. பசறையின் தேயிலைப் பெட்டி பதுளையில் வண்டியேறியது. பசறைக்கு வேண்டிய அரிசியும் உரமும் கடிதமும் பதுளையில் இறங்கின. பதுளையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் தெரு பசறை வழியாகவே செல்வதால், மலையின் புகையிரதத்தையும் கிழக்குக் கரையின் வயல்களையும் இணைக்கும் கண்ணியாகவும் பசறை விளங்கிற்று.

தேயிலை இறங்கிய பாதையிலே மனிதரும் ஏறி வந்தனர். ஆதியில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். 1914ஆம் ஆண்டிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும் தொடங்கியது. அதன்பின் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தில் வண்டியேறியவர் மண்டபம் முகாமிலே தங்கி, கடல் கடந்து, தலைமன்னாரிலே மீண்டும் வண்டியேறி, மதவாச்சி, பொல்காவலை வழியாக மலைநாடு வந்து சேர்ந்தார். கழுத்திலோ இடுப்பிலோ அவர் சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத்துண்டு ஒன்று தொங்கியது. 1924க்குப் பின் பதுளை நிலையத்திலே இறங்கி மூட்டை முடிச்சுடன் பசறைத் தெருவிலே நடந்த குடும்பங்கள் பல. அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குப் பிறந்த மண் ஊவாவேயன்றி வேறில்லை.

ஆனால் சரித்திரம் அவர்களை அமைதியாக இருக்க விடவில்லை. நாடு சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதென்றும் அதிலே கூறப்பட்டது. இலக்கங்களிலே எழுதப்பட்டவர்கள் மனிதர்கள். ஒரே லயத்தில் அண்ணன் பெயர் ஒரு பட்டியலிலும் தம்பி பெயர் மற்றொரு பட்டியலிலும் விழுந்தன. கட்டிக்கொடுத்த மகள் இங்கே, பெற்ற தாய் அங்கே என்றாயிற்று.

அப்பொழுது அதே கோச்சிதான் அவர்களை ஏற்றிச் சென்றது. தாத்தா வந்திறங்கிய நிலையத்திலே பேரன் வண்டியேறினான். பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு வந்த குடும்பங்கள் மேடையிலே உறவினரைக் கட்டிக்கொண்டு அழுதன. வண்டி நகர்ந்தபோது மேடையிலிருந்தும் பெட்டிகளிலிருந்தும் ஒரே ஓலமாக எழுந்தது. தலைமன்னார் நோக்கிச் சென்ற அவ்வண்டிக்கு மலைநாட்டு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துரைமார் கேட்டுப் பெற்ற பாதை அது. தொழிலாளர் அமைத்துத் தந்த பாதை அது. அதுவே அவர்களின் மக்களைப் பிரித்தெடுத்துச் சென்ற பாதையும் ஆயிற்று.

அவ்வண்டி பதுளையை விட்டு ஏறும்போது தெமோதரையிலே என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். கீழிருந்து வரும் வண்டி முதலில் சுரங்கத்தினுள் நுழையும், இருள் சூழும். வெளியே வந்து குன்றைச் சுற்றி ஏறும். பின்னர் அதே சுரங்கத்தின் மேலுள்ள நிலையத்தில் நிற்கும். அங்கே நின்று நோக்கினால் தான் வந்த வழி கீழே தெரியும். பிறந்த மண்ணை விட்டுச் செல்வோருக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கும் வாய்ப்பைத் தெமோதரை வளையம் தந்தது. பாதையை வகுத்தோர் அதை எண்ணி வகுத்திருக்க மாட்டார்கள். ஆயினும் அந்த ஒரு பார்வைக்கு எத்தனை விலை இருந்திருக்கும் என்பதை ஏறிச் சென்றவர்களே அறிவர்.

1984இல் உள்நாட்டுப் போரின் காரணமாகத் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது; அத்துடன் அந்த வழியாக இந்தியா செல்லும் பிரயாணமும் முடிவுற்றது. போரினால் துண்டிக்கப்பட்ட தலைமன்னார் இருப்புப் பாதை 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. இங்கேயே தங்கியவர்களிடையே எஞ்சியிருந்த நாடற்றோரின் துயரை நீக்க 2003இல் ஒரு சட்டம் வந்தது. நிலைத்தவரின் பிள்ளைகள் ஆசிரியராகவும் மருத்துவராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்திருக்கின்றனர். பல நாட்டு உல்லாசப் பிரயாணிகள் ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை வளையத்தையும் காண வந்து புகைப்படம் எடுத்துச் சென்றிருக்கின்றனர்.

அந்தப் படங்களிலே பாலம் இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது, பசிய தேயிலை இருக்கிறது. கல்லைச் சுமந்த தோளும், தலைப்பாகையும், தகரத்துண்டும் அவற்றிலே இல்லை. அவை இருக்கவேண்டிய இடம் அவ்வூர் மக்களின் நினைவு. மலைநாட்டுப் பள்ளிகளிலே படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஊரின் இருப்புப் பாதை எந்த ஆண்டில் வந்தது, எந்தச் சரிவில் இறங்குகிறது, யார் அதை அமைத்தனர், அதில் யார் வந்தனர், யார் போயினர் என்பனவற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பதுளை நிலையத்திலே வந்திறங்கிய தாத்தாவின் கதையை அறிந்த பாட்டிமார் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். தெமோதரைக் கங்காணிக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைக் கேட்டு வைப்பார் அன்று இல்லாது போயினர். அக்குறை மேலும் நீடியாதிருத்தல் இன்றுள்ளோர் கையிலே இருக்கிறது.